மோரே: எல்லைக்கோட்டில் ஒரு தமிழ்ச் சங்கம்

வேங்கடமும் குமரியும் தமிழ் வழங்கும் நிலத்தின் எல்லைகள் எனத் தொல்காப்பியச் சிறப்புப் பாயிரம் வகுத்துவைத்தது. அவ்வெல்லைக்கு அப்பாற்பட்ட நாடுகளைச் சங்கச் சான்றோர் 'மொழிபெயர் தேஎம்' என்னும் தொடரால் சுட்டினர். பொருள்வயின் பிரியும் தலைவன் அந்நாடுகளுக்குச் செல்வான். குறித்த பருவத்தில் மீள்வான் என்று தலைவி காத்திருப்பாள். அகப்பாடல்களின் உலகில் மொழிபெயர் தேயம் சென்று மீளும் இடமாகவே பெரிதும் அமைந்துள்ளது.

பிற்காலத் தமிழர் வரலாறு அவ்வாறு அமையவில்லை. சென்றவருள் பலர் சென்ற இடத்திலேயே தங்கினர். தங்கியவருள் பலர் பின்னர் விரட்டப்பட்டனர். விரட்டப்பட்டவருள் ஒரு சிறு கூட்டத்தார், வந்த இடத்திலும் நிலைகொள்ள முடியாமல், விட்டுவந்த இடத்திற்கும் திரும்ப முடியாமல், இரு நாடுகளைப் பிரிக்கும் கோட்டின் ஓரத்திலேயே குடியமர்ந்தனர். மணிப்பூர் மாநிலத்தில், மியன்மா நாட்டெல்லையில் உள்ள மோரே என்னும் சிற்றூரின் தமிழரே அக்கூட்டத்தார்.

பத்தாண்டுகளாகக் கே.கே. நகரில் கூடிக் கவிதை பேசிவரும் நம் வட்டத்தின் சிறப்பு மலரில், ஈராயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாற்பட்ட ஓர் எல்லையூரைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. மதுரைக்கு உரிய சொல் ஒன்று அவ்வூரைத் தாங்கி நிற்கிறது. 'சங்கம்' என்பதே அச்சொல்.

எல்லைகளும் ஊர்களும்

எல்லையோரத்தில் வாழும் மொழிச் சிறுபான்மையினரின் நிலை உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றே. ஐரோப்பாவின் பால்கன் பகுதியில் பிரெஸ்பா என்றோர் ஏரி உண்டு. அதன் கரைகளை அல்பேனியா, கிரீஸ், வடமக்கெதோனியா ஆகிய மூன்று நாடுகள் பங்கிட்டுக்கொண்டுள்ளன. அல்பேனியாவின் பங்கில் மக்கெதோனிய மொழி பேசும் சிற்றூர்கள் சில உள்ளன. அவற்றுள் ஒன்றான புஸ்தெத்ஸ் என்னும் ஊரின் பெயரை 1973-இல் அல்பேனிய அரசு 'லிச்செனாஸ்' என மாற்றியது. பழைய பெயர் 2013-இல்தான் மீண்டது. அவ்வூரார் இடம் பெயரவில்லை, மொழி மாறவில்லை. ஆயினும் நாற்பதாண்டுக் காலம் அவர்தம் ஊரின் பெயர் அவர்களுடைய வாயில் ஒன்றாகவும் அரசேட்டில் வேறொன்றாகவும் இருந்தது.

எல்லை வரைகின்ற ஆட்சி மக்களைக் கேட்டு வரைவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று. ஆனால் பிரெஸ்பாக் கரையின் மக்களுக்குத் தங்கள் நிலத்தில் தொன்றுதொட்டு வாழ்ந்தோம் என்று சொல்லும் உரிமையேனும் உண்டு. மோரேத் தமிழருக்கு அதுவும் இல்லை. அவர்கள் கதையை விளங்கிக்கொள்ள, எல்லையின் கதையை முதலில் அறிதல் வேண்டும்.

ஆங்கிலேயருக்கும் பர்மிய அரசுக்கும் இடையே 1826-இல் யாந்தபோ உடன்படிக்கை ஏற்பட்டது. 1834-இல் கபாவ் பள்ளத்தாக்கு மணிப்பூரிடமிருந்து பர்மாவுக்குக் கொடுக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே பெம்பர்டன் என்னும் ஆங்கில அதிகாரி வரைந்த கோடு மணிப்பூரின் கீழெல்லை ஆயிற்று. பின்னர்ப் பர்மா முழுவதும் ஆங்கிலேயர் வசமாகி, இந்தியப் பேரரசின் ஒரு மாகாணமானபோது, அக்கோடு ஒரே ஆட்சிக்குள் அடங்கிய உள்ளூர் வரப்பாகச் சுருங்கிவிட்டது. 1937 ஏப்ரல் முதல் நாள் பர்மா தனி ஆட்சிப் பகுதியாகப் பிரிக்கப்பட்டது. 1948-இல் தனி நாடாயிற்று. இந்தியாவும் பர்மாவும் தம் எல்லையை முறையாக ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டது 1967 மார்ச்சில். அப்போது மோரேயில் தமிழர் குடியேறத் தொடங்கிவிட்டனர்.

பர்மாவுக்குப் போனவர்கள்

பர்மாத் தமிழரின் பெருமையும் துயரும் நம் வட்டாரத்திற்குப் புதியன அல்ல. இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் பர்மாவைக் கனவாகவோ கண்ணீராகவோ கொள்ளாத ஊர்கள் குறைவு. கொண்டுவிற்றவரும் கொடுத்துவாங்கியவரும் மட்டும் போகவில்லை. அரிசி ஆலைகளில் மூட்டை சுமந்தோர், துறைமுகத்தில் கப்பலேற்றியோர், வயல்களில் நாற்று நட்டோர் எனக் கூலித் தமிழரே பெருந்தொகையினர். 1931 மக்கள்தொகைக் கணக்கின்படி பர்மாவில் இந்தியர் பத்து இலட்சத்தைக் கடந்தனர். அவருள் தமிழர் ஏறத்தாழ 1,84,000 பேர். இரங்கூன் நகர மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியராகவே இருந்தனர்.

இவ்வெண்ணிக்கையே பகையையும் வளர்த்தது. 1930-களின் பெரும் பொருளாதார வீழ்ச்சியில் நெல்விலை சரிந்தது. கடனைத் திருப்ப இயலாத பர்மிய உழவர்களின் நிலம் வட்டித்தொழில் செய்தோர் கைக்கு மாறிற்று. கீழ்ப்பர்மாவின் பதின்மூன்று முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு ஆறு என்றிருந்த செட்டியார் நிலவுடைமை, 1938-இல் நூற்றுக்கு இருபத்தைந்தாக உயர்ந்தது. அவர்கள் விரும்பித் தேடிய நிலமன்று அது. கொடுத்த கடனுக்கு ஈடாக வந்த நிலம். ஆயினும் நிலமிழந்த உழவனுக்கு அந்த வேறுபாடு ஆறுதல் தராது. 1930-இலும் 1938-இலும் இந்தியருக்கு எதிரான கலவரங்கள் மூண்டன. வட்டி வாங்கியவரின் மீதெழுந்த சினம், மூட்டை சுமந்தவரின் தலையிலும் விழுந்தது.

1941 டிசம்பர் 23-இல் ஜப்பானியர் இரங்கூன் மீது குண்டு வீசினர். அடுத்த சில திங்களில் நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் தரைவழியே இந்தியாவை நோக்கி வந்தனர். பெரும்பாலோர் நடந்தே வந்தனர். அராக்கான் வழி ஒன்று. மற்றொரு முதன்மை வழி, சிந்துவின் ஆற்றைக் கடந்து, தமு என்னும் ஊரையடைந்து, மணிப்பூர் மலைகளில் ஏறி, பலேல், இம்பால் வழியாகத் திமாப்பூர் சேர்வது. நோயாலும் பசியாலும் வழியில் மாண்டோரின் தொகையை இன்றுவரை எவரும் சரிவரக் கணக்கிட்டதில்லை; பல்லாயிரம் என்பது மட்டும் உறுதி. அந்த நடையில் மடிந்த தமிழர் எத்துணையோ பேர், மோரேயை ஓர் ஊராக அறியாமலேயே அதன் மண்ணைக் கடந்தனர். ஈராண்டு கழித்து 1944-இல் இம்பாலை நோக்கிச் சென்ற நேதாஜியின் படையிலும் தமிழர் இருந்தனர். அவர்களும் அம்மலைகளில்தான் மழைக்கும் மலேரியாவுக்கும் குண்டுக்கும் இரையாயினர். ஆகவே மோரேயைச் சூழ்ந்த மலைகளில் தமிழர் குடியிருப்புக்கு முன்பே தமிழர் சாவு வந்து சேர்ந்துவிட்டது.

திரும்பியவரும் திரும்ப முயன்றவரும்

போர் முடிந்தபின் பலர் பர்மாவுக்கு மீண்டனர். அம்மீட்சி நீடிக்கவில்லை. 1962 மார்ச்சில் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். வங்கிகளும் கடைகளும் ஒன்றன்பின் ஒன்றாக அரசுடைமையாயின. 1964 மே திங்களில் ஐம்பது, நூறு கியாட் தாள்கள் செல்லா என்று அறிவிக்கப்பட்டன. ஓரிரவில் வணிகரின் கைமுதல் காகிதமாயிற்று. இந்தியர் கப்பல் கப்பலாக வெளியேறினர். நகையும் சேமிப்பும் துறைமுகச் சோதனையில் பறிபோக, உடுத்த துணியும் சிறிதளவு பணமுமாகச் சென்னைக் கரையில் இறங்கினர். தமிழகத்தில் மட்டும் மறுவாழ்வு தேடி வந்தோர் தொகை ஏறத்தாழ ஒன்றரை இலட்சம். சென்னைக் கடற்கரைச் சாலையின் பர்மா பசாரும், காரைக்குடி முதலிய ஊர்களின் பர்மா காலனிகளும் அவர்கள் வந்த சுவடுகளே.

அவர்களுக்கு இது தாயகம் என்று அரசேடு கூறிற்று. அவருள் பெரும்பாலோர் பர்மாவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். முகாம் வாழ்வும் பழக்கமற்ற தொழிலும், 'பர்மா அகதி' என்ற பெயரும் சிலருக்குப் பொறுக்க முடியாதவை ஆயின. பிறந்த மண்ணுக்கே திரும்பிவிடுவோம் என்று அச்சிலர் புறப்பட்டனர். கப்பலுக்குப் பணமில்லை, சீட்டும் இல்லை. எனவே 1942-இல் தம் முன்னோர் நடந்துவந்த வழியை நினைவில் கொண்டு, வடகிழக்கு நோக்கித் தொடர்வண்டியேறி, இம்பாலைக் கடந்து, எல்லையை அடைந்தனர். தமுவின் காவலர் அவர்களைத் திருப்பி அனுப்பினர். திரும்ப ஓர் ஊர் அவர்களுக்கு இல்லை. தடுக்கப்பட்ட இடத்திலேயே குடிசை போட்டனர். 1960-களின் நடுப்பகுதியில் மோரேத் தமிழர் குடியிருப்பு பிறந்த வகை இதுவே.

பர்மாவிலிருந்து நேரே எல்லை கடந்து வந்து, மேற்கொண்டு தமிழகம் செல்லாமல் அங்கேயே நின்றுவிட்டோரும் அவர்களோடு சேர்ந்தனர். இந்துக்களும் இசுலாமியரும் கிறித்தவரும் அதில் அடங்குவர். அவர்களை இணைத்தவை இரண்டு: தமிழ், பர்மா நினைவு.

அங்காடியும் ஆலயமும்

மோரே இம்பாலுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பர்மாப் பக்கத்தில் நம்பலாங் சந்தை கூப்பிடு தூரத்திலும், தமு சில கிலோமீட்டருக்கு அப்பாலும் அமைந்துள்ளன. மோரே நிலம் குக்கி மக்களுடையது. மெய்தேயரும் நாகரும், மணிப்பூரி முசுலிம்களும் நேபாளியரும், மார்வாடியரும் பஞ்சாபியரும் அங்கு உள்ளனர். இத்தனை மொழிகளின் நடுவே, கைப்பொருளற்று வந்த தமிழருக்கு ஒரு முதல் மட்டும் இருந்தது: பர்மிய மொழி அறிவு. எல்லைக்கு அப்பால் பேரம் பேசவும், நம்பிக் கடன் கொடுக்கவும், பழைய உறவுகளை மீட்கவும் அவர்களால் முடிந்தது. பர்மாவில் கிடைக்காத துணி, மருந்து, நூல் ஆகியவை இங்கிருந்து போயின. தாய்லாந்து, சீன நாட்டுப் பொருள்கள் அங்கிருந்து வந்தன. 1995-இல் முறையான எல்லை வணிகம் 22 பொருள்களோடு தொடங்கப்பெறும் வரை அவ்வணிகத்தில் பெரும்பகுதி ஏட்டில் ஏறாத வணிகமே. அதனை மறைக்கவும் வேண்டா; மிகைப்படுத்தவும் வேண்டா. எல்லையூர்கள் உலகெங்கும் அவ்வாறே உண்டன, உடுத்தன.

வளம் பெருகிய காலத்தில் மோரேயில் தமிழர் தொகை பதினைந்தாயிரத்தையும் கடந்தது என்று அவ்வூர் மூத்தோர் செய்தியாளரிடம் கூறியுள்ளனர். சந்தையில் குக்கியரும் மெய்தேயரும் தமிழ் பேசினர் என்பதும் பலரும் பதிவு செய்துள்ள செய்தி. இட்டிலியும் தோசையும் இன்றும் அங்கு கிடைக்கின்றன. எல்லையை ஒட்டி அங்காளபரமேசுவரிக்கும் முனீசுவரருக்கும் எழுந்த கோயிலின் கோபுரத்தைப் பர்மா மண்ணிலிருந்தும் காணலாம். திருவிழாக் காலங்களில் அப்பக்கத்திலிருந்து தமிழரும் பர்மியரும் வந்து வணங்கிச் செல்வது வழக்கமாயிற்று.

முனீசுவரரும் அங்காளம்மையும் நம் நாட்டில் ஊரெல்லையில் காவல் நிற்கும் தெய்வங்கள். அவர்களை நாட்டெல்லையில் நிறுத்தினர் மோரேத் தமிழர். கவிஞர்கள் சிந்திக்க வேண்டிய படிமம் இது. கற்பனையால் புனைந்ததன்று, வாழ்க்கை தானே வரைந்து வைத்தது.

சங்கம் என்னும் சொல்

1901-இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவியபோது, பழந்தமிழ் நூல்களைக் காப்பதும் புலவரைப் பேணுவதும் அதன் நோக்கங்களாயின. அடுத்த ஆண்டு 'செந்தமிழ்' இதழ் தோன்றியது. 1981-இல் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு இந்நகரில் நடந்தது. நம் நகருக்கு அருகே டாக்டர் தங்கராஜ் சாலையில் உலகத் தமிழ்ச் சங்கம் பெருங்கட்டடமாக நிற்கிறது. மதுரைக்காரர் செவியில் சங்கம் என்றால் பாட்டும் பதிப்பும் பட்டிமண்டபமுமே ஒலிக்கும்.

மோரேத் தமிழ்ச் சங்கம் அத்தகையதன்று. கோயில் நிருவாகம் அதன் பொறுப்பு. தமிழருக்குள் எழும் வழக்குகளைப் பேசித் தீர்ப்பதும், பிற இனத்தாரின் அமைப்புகளோடு தமிழர் சார்பில் அமர்ந்து பேசுவதும், கலவரம் மூளும் நாளில் அதிகாரிகளை அணுகுவதும் அதன் பணிகள். புலவரில்லாத சங்கம் என்று ஒருவர் எள்ளக்கூடும். ஆனால் ஒரு மொழி பேசுவோர் வேற்று நிலத்தில் ஒரு குரலாகப் பேச வேண்டிய நெருக்கடியில், தங்கள் அவைக்கு எந்தப் பெயரைத் தேர்ந்தனர் என்பது எண்ணத்தக்கது. இலக்கியம் பயில வாய்ப்பற்ற கூலித்தொழிலாளரின் மக்கள், மூட்டைகளோடு இச்சொல்லையும் சுமந்து சென்றுள்ளனர். ஏடு காக்க நாம் பயன்படுத்திய சொல்லை ஆள் காக்க அவர்கள் பயன்படுத்தினர்.

கூடி அமர்தலே அச்சொல்லின் முதற்பொருள். அவ்வகையில் மோரேச் சங்கம் வேர்ச்சொல்லுக்கு நெருக்கமானது எனலாம்.

சுருங்கும் நிலம்

1990-களில் மணிப்பூர் மலைகளில் குக்கி, நாகர் இனங்களுக்கிடையே பெரும் மோதல் நிகழ்ந்தது. 1995-இல் மோரேயில் தமிழரும் குக்கியரும் மோதிக்கொண்ட கொடுமையும் நேர்ந்தது, உயிர்கள் பலியாயின. பல தமிழ்க் குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியேறின. இன்று அங்குள்ள தமிழர் ஏறத்தாழ மூவாயிரம் பேர் என்று செய்திகள் கூறுகின்றன. பின்வந்த ஆண்டுகளில் இரு தரப்பு மூத்தோரும் உறவைச் செப்பனிட்டனர். அதில் சங்கத்தின் பங்கு பெரிது.

அடுத்தடுத்து வந்த அடிகள் வெளியிலிருந்து வந்தவை. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் எல்லை வாயில் அடைக்கப்பட்டது. 2021 பிப்ரவரி முதல் நாள் மியன்மாவில் படையாட்சி மீண்டது. 2022 ஜூலை 5-இல், எல்லை கடந்து தமுவுக்குச் சென்ற மோரேத் தமிழ் இளைஞர் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இவர்களின் பாட்டன்மார் காலத்தில் திரும்பிப் போக விழைந்த மண் அது. 2023 மே 3-இல் மணிப்பூரில் மூண்ட இனக்கலவரம் மோரேயையும் எரித்தது. மெய்தேயருக்கும் குக்கியருக்கும் இடையே எழுந்த தீயில், எத்தரப்பிலும் சேராத தமிழர் சிலரின் வீடுகளும் கருகின. எல்லையோர மக்கள் தடையின்றிக் கடந்து வர இருந்த ஏற்பாட்டை முடித்துக்கொள்வதாக 2024 பிப்ரவரியில் நடுவணரசு அறிவித்தது. மோரேயை ஒட்டிப் பத்து கிலோமீட்டர் வேலியும் எழுந்தது.

இவற்றைக் காட்டிலும் ஓசையின்றி வந்த அடி ஒன்று உண்டு. வெளியார் மணிப்பூருக்குள் வர உள்நுழைவு அனுமதி பெறவேண்டும் என்னும் முறை, 2019 டிசம்பரில் அம்மாநிலத்திற்கும் விரிவுபடுத்தப்பட்டது. அம்முறையின் கீழ் மண்ணின் மைந்தர் யாவர் எனத் தீர்மானிக்க 1961-ஐ அடிப்படை ஆண்டாகக் கொள்வதென 2022 ஜூனில் மணிப்பூர் அமைச்சரவை முடிவு செய்தது. தம் நிலமும் மொழியும் வெளியார் வரவால் கரைந்துவிடும் என்னும் அச்சம் அங்குள்ள மக்களுக்கு உண்டு. அது பொய்யச்சம் அன்று. திரிபுராவில் நேர்ந்ததை அவர்கள் கண்முன் கண்டவர்கள். ஆயினும் மோரேத் தமிழர் பெரும்பாலும் 1961-க்குச் சில ஆண்டுகள் பின்னரே வந்தவர்கள். மூன்று தலைமுறை அங்கு பிறந்து, மெய்தேய் மொழியும் பர்மிய மொழியும் பேசி வாழ்ந்த பின்னும், நாலைந்து ஆண்டு இடைவெளி அவர்களை வெளியார் ஆக்கவல்லது. பர்மாவில் அவர்கள் இந்தியர், தமிழகத்தில் பர்மா அகதிகள், மணிப்பூரில் வெளியார். ஒரே குடும்பம் அறுபதாண்டுக்குள் மூன்று ஏடுகளில் மூன்று வகையாக அயலாயிற்று.

சிறுபான்மையினர் ஒரு நிலத்தில் நிலைப்பது நிலவுரிமையாலோ, பிறருக்கு அவர்களால் விளையும் பயனாலோ, அண்டையாரின் அன்பாலோ ஆகும். மலைநிலம் பழங்குடியல்லாதார்க்கு உரிமையாதல் அரிது. எனவே முதலாவது அவர்களுக்கு இல்லை. எல்லை திறந்திருந்தவரை இரண்டாவது இருந்தது. வாயில் அடைபட்டபின் அதுவும் தேய்ந்தது. எஞ்சி நிற்பது மூன்றாவது. அதனை நாள்தோறும் ஈட்டிக்கொள்வதே இன்று மோரேச் சங்கத்தின் தலையாய பணி.

நம் ஏட்டில் அவர்கள்

இனி நம்மை நோக்கி ஒரு வினா. இவ்வரலாற்றைத் தமிழிலக்கியம் எந்த அளவுக்கு எழுதியுள்ளது? 1930-களின் இறுதியில் இரங்கூனிலிருந்து 'ஜோதி' இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா, 1942-இல் தாமும் நடந்து வந்து, அத்துயரைப் 'பர்மா வழிநடைப் பயணம்' என நூலாக்கினார். 1952-இல் வெளிவந்த 'பராசக்தி' திரைப்படம், இரங்கூனில் வாழும் உடன்பிறந்தாரிடமிருந்தே தன் கதையைத் தொடங்கிற்று. ப. சிங்காரம், மதுரையில் நாளிதழ்ப் பணி செய்து, இங்கே விடுதி அறையொன்றில் தனித்து வாழ்ந்தவாறே, தென்கிழக்காசியத் தமிழரின் போர்க்கால வாழ்வைப் 'புயலிலே ஒரு தோணி' என 1972-இல் தந்தார். நீண்டகாலம் அந்நாவலை இவ்வூரே அறியவில்லை என்பதையும் மறக்கலாகாது.

1942-க்கு எழுத்து உண்டு. 1964-க்கு மிகக் குறைவு. எல்லைக்குச் சென்று தடுக்கப்பட்டு நின்றவர்களுக்கோ, செய்தித்தாளின் ஞாயிறு மலர்க் கட்டுரைகளையும் ஓரிரு ஆவணப் படங்களையும் தவிரப் பெரிதாக ஒன்றும் அமையவில்லை. அக்காலத்தில் இளைஞராயிருந்தோர் இன்று எண்பதைக் கடந்துள்ளனர். கப்பலிறங்கிய தலைமுறையினர் மதுரையிலும் சிவகங்கையிலும் காரைக்குடியிலும் இன்னும் சிலர் உள்ளனர். அவர்கள் நாவில் பர்மியச் சொற்கள் கலந்த தமிழ் ஒன்று உண்டு. அவர்களோடு அது மறையும்.

ஆகவே பத்தாண்டு நிறைவில் நம் வட்டம் ஒரு சிறு செயலை மேற்கொள்ளலாம். மாதக் கூட்டத்திற்குப் பர்மாவிலிருந்து திரும்பிய மூத்தோர் ஒருவரை அழைத்து, அவர் சொல்வதை ஒலிப்பதிவு செய்து, எழுத்தில் பெயர்த்து வைக்கலாம். நடந்த வழி, கடந்த ஆறு, தூக்கி வந்த பொருள், விட்டுவந்த வீடு, பேசிய சொல் என ஒவ்வொன்றையும் கேட்டறியலாம். ஓராண்டுக்குப் பன்னிருவர் போதும். அத்தொகுப்பின் ஒரு படியை மோரேத் தமிழ்ச் சங்கத்திற்கு அனுப்பிவைப்போம். மணிப்பூரின் மலையோரத்தில் ஓர் அவை இப்பெயரைத் தாங்கி நிற்கிறது என்பதை மதுரை அறிந்துள்ளது என அவர்களுக்குத் தெரிவிக்க, அதுவே தக்க மடலாகும்.